கனகம் போட்ட மஞ்சள் கோடு

படப்பை கனகத்தின் கண்ணுக்கு அரை மில்லிமீட்டர் பிசகும் தப்பாது. ஒரகடத்தில் காருக்கு பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறாள். தேறிய குழாய்க்கு மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுவாள். குழாய் கடலில் விழுந்து சுறா விழுங்கினாலும் கோடு அழியாது.

போன வருடம் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. புற்றுநோய் என்றார்கள். முதலில் அறுவை. மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சந்திரலேகாவிடம் கேட்டாள்: "சுத்தி எத்தினி மில்லி வுட்டு வெட்னீங்க மேடம்?"

வெட்டியெடுத்த சதையின் ஓரமெல்லாம் சுத்தம், நோய் மிச்சமில்லை என்று பத்து நாளில் ஆய்வகத் தாள் வந்தது. கனகம் படித்துப் பார்த்து, அடியில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

அடுத்து கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. நரம்பில் ஏறிய மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டியது. அந்த நாட்களில் அவளைக் கடித்த கொசுக்கள் மொட்டையாகப் பறந்ததை மணிமங்கலம் வரைக்கும் பார்த்தவர்கள் உண்டு. நம்பாதவர்கள் கொசுவைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகக் கதிர்வீச்சு, இருபத்தைந்து நாள். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் மையால் கோடு வரைந்தான் மெஷினை இயக்கும் மணிகண்டபிரபு. விருதுநகர்ப் பிள்ளை.

"மங்குச்சுன்னா எங்கிட்டச் சொல்லுங்கக்கா. நீங்க கை வைக்கப்படாது. இடம் மாறுச்சுன்னா கதிரு நுரையீரல்ல போய் விழுந்துரும்."

பதினெட்டாம் நாள் காலையில், வேர்வையில் கோடு மங்கியிருந்தது. மங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவளா கனகம்? கண்ணாடி முன் நின்றாள். ஸ்கேல் வைத்தாள். கம்பெனி மஞ்சள் மார்க்கரை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மணிகண்டபிரபு அலறிவிட்டான். "எக்கா! யாரு வரைஞ்சது?"

"நான்தான் தம்பி. ஸ்கேல் வெச்சி போட்டது, நூல் பிடிச்சாப்புல கீது பாரு."

"நின்னுக்கிட்டா வரைஞ்சீங்க?"

"பின்னே, பட்துகினா வரைவாங்க?"

"படுத்துத்தானக்கா கதிரு வாங்குறீங்க!"

கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்தாள். தோல் நழுவியது. கோடு கட்டைவிரல் அகலம் தள்ளிப் போய் நின்றது. டாக்டர் சந்திரலேகா வந்து பார்த்து, இன்றைக்குக் கதிர் வேண்டாம் என்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் போச்சுனா நோய் திரும்பி வந்துடுமா மேடம்?"

"ஒரு நாளைக் கடைசியில சேத்துக்கலாம் கனகம். தப்பான இடத்துல விட்ட கதிரைத் திரும்ப எடுக்க முடியாது" என்றார் டாக்டர். மறுநாள் புதிதாக ஸ்கேன் எடுத்து, நீலக் கோடு போடுவதாக முடிவாயிற்று.

மஞ்சள் கோடோ ஸ்பிரிட்டுக்கும் அசையவில்லை, தேங்காயெண்ணெய்க்கும் அசையவில்லை.

"கம்பெனிலேர்ந்து பெயின்ட் கழுவுற தின்னர் கொண்டாரட்டா மேடம்?" என்றார் கணவர் கோதண்டம்.

"உங்க பொண்டாட்டிய என்ன இரும்புக் கதவுன்னு நெனச்சீங்களா?" என்றார் டாக்டர்.

மறுநாள் நீலக் கோடு போட்டபின், மணிகண்டபிரபு மஞ்சளைப் பார்த்து ஓர் அம்புக்குறி இழுத்து, பக்கத்தில் 'இது இல்லை' என்று எழுதினான். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள் கனகம்.

"அம்பு கோணலா கீது தம்பி."

"அசையாதீங்கக்கா!"

வாயை மூடிக்கொண்டாள். மெஷின் சுற்றத் தொடங்கியது.