துணைக்குப் போனவள்

எனக்கு ஒன்பது வயதான அந்த மே மாதம் முழுக்க என் உத்தியோகம் அக்காவுக்குத் துணை போவது. அக்காவுக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்து, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்துவிட்டு, அப்ரண்டிஸ் இடம் தேடி அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வயதுப்பெண்ணைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஆகவே, தனியாக ரோட்டைத் தாண்டத் தெரியாத என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

கோவில்பதாகையிலிருந்து ஆவடி, அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கியதிலிருந்து அக்கா நடக்கமாட்டாள், பறப்பாள். நான் பின்னால் ஓடுவேன். கேட் வந்ததும் என்னை வாட்ச்மேன் பக்கத்தில் நிறுத்தி, "இங்கயே நில்லு, உள்ள எட்டிப் பாக்காத" என்பாள். எனக்கு மானம் போகும். என் பிய்ந்த செருப்பை நினைத்து வெட்கப்படுகிறாள் என்றுதான் நம்பினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவாள். "பொம்பளப் பசங்கள எடுக்கறதில்லையாம்." அவ்வளவுதான், அடுத்த கேட்டை நோக்கிப் பறப்பாள்.

அப்பா கெடு வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் இடம் கிடைக்காவிட்டால் வேலப்பன்சாவடி காலேஜில் பி.காம். விண்ணப்பத்தைக்கூட வாங்கி டிவிக்குப் பின்னால் செருகிவிட்டார். அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அக்கா டிவி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

கெடு முடிய மூன்று நாள் இருந்தபோது ஒரு கம்பெனியில், "நீ செஞ்ச ஜாப் இருந்தா நாளைக்கு எட்த்துகினு வா, பாக்கலாம்" என்றார்கள். ஜாப் என்றால் அக்கா கையால் அரம் போட்டுத் தேய்த்த இரண்டு இரும்புத் துண்டுகள். ஒன்று மற்றொன்றின் பள்ளத்தில் உட்காரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடையில் நூல் அளவு ஒளிகூடத் தெரியாது. எண்ணெய்த் துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுக்கப் போயிருந்தபோது நான் டப்பாவைத் திறந்தேன். கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கு. இவ்வளவு அழுக்கை யார் பார்த்து வேலை கொடுப்பார்கள்? பாத்திர சோப்பு போட்டுத் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்தேன். எண்ணெய்த் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஈரத்தோடு வேறொரு நல்ல துணியில் சுற்றி வைத்தேன். காலையில் அக்கா ஆச்சரியப்படட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் ஃபோர்மன் கேட்டுக்கே வந்துவிட்டார். அக்கா அவர் முன்னால் டப்பாவைத் திறந்தாள். இரண்டு துண்டிலும் செங்கல் நிறத்தில் துரு.

"இன்னாம்மா இது, கடல்லேர்ந்து எடுத்தியா?"

அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள்.

"எண்ணெ போட மறந்துட்டேன் சார்."

"எண்ணெ போட மறந்தவள நம்பி எப்டிமா மிஷின உடறது?" என்றவர் கண்ணில் நான் பட்டுவிட்டேன். "இது யாரு? உன்கூட வந்துச்சா?"

"தெரியாது சார்."

கூசாமல் சொன்னாள். தினமும் பஸ்ஸில் மடியில் உட்கார வைத்துக்கொண்டு வந்தவள். நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் தாத்தா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "நம்ம ஊட்டுப் புள்ள சார். லீவுக்கு வந்துகீது."

ஃபோர்மன் துருவைச் சுரண்டி, துண்டுகளைச் சேர்த்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு, "உள்ள வா. வேற துண்டு தரேன், என் எதிர்ல போட்டுக் காட்டு" என்றார்.

அக்கா திரும்பி வர மதியம் தாண்டிவிட்டது. அதுவரை வாட்ச்மேன் தாத்தாவின் எலுமிச்சை சாதத்தில் பாதியைத் தின்றுகொண்டே அழுதேன். இரும்பைக் கெடுத்ததற்கு இதுதான் எனக்குத் தண்டனை, இனிமேல் எனக்கு அக்கா இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன். கையெல்லாம் கொப்புளமாக அவள் வந்து, "கெடச்சிடுச்சுடி" என்று என்னைத் தூக்கிச் சுற்றியபோதும் நான் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேரும் நாளிலும் அம்மா என்னைக் கிளப்பினாள். நான் செருப்பு மாட்டுவதற்குள் அக்கா தெருமுனையைத் தாண்டிவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு வருடக்கணக்கில் இருந்தது.

போன வருடம் எனக்கும் பிளஸ் டூ முடிந்தது. அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, "ஷிப்ட்டு இருக்கும்மா. தனியா வந்து போவியா? இப்ப கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. எதிர்ப்புற வேப்பமரத்தடியில் அம்மா தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரல சார்," என்றேன்.