அண்ணனுக்குச் சைக்கிள் பார்த்தது நான்தான்

கம்போங் ராஜாவில் மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கிற இரண்டு மாடிக் கட்டடம் நான் கட்டியது. லெம்பா பெர்த்தாமில் கல்லும் மூங்கில் வேருமாகக் கிடந்த சரிவை வெட்டிப் படிப்படியாகக் காய்த் தோட்டம் போட்டவன் நான். இந்த மண்ணில் முள்ளங்கிகூட வராது என்று சிரித்தவர்கள், பிறகு என்னிடமே நாற்றுக் கேட்டு வந்தார்கள். எஸ்டேட் கோயிலுக்கு ஓட்டுக்கூரை வந்ததே, அந்த ஓடெல்லாம் என் லோரியில் ஏறி வந்தவை, வாடகை வாங்காமல். பள்ளிக்கூடம் எனக்கு மூணாம் வகுப்போடு சரி. தூக்கிவிட அப்பா இல்லை. மலைக்காய்ச்சல் அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. நானேதான் எழுந்தேன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

மேலே சொன்னதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஜப்பான்காரன் காலத்தில், பத்தொன்பது வயதில் நான் செய்த ஒரு காரியத்தை என் சொந்தக் குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் பேரன் ஒருவன், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் வாங்கி வந்து, "எப்படித் தாத்தா இருக்கு?" என்றான். யார் யார் ஏறப்போகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் என்றான். சீட்டை இறக்க முடியவில்லை. அவன் மனைவிக்குக் கால் எட்டவில்லை. இப்போது அதில் துண்டு காய்கிறது. குடும்பத்துக்குச் சாமான் வாங்குகிறவன் முதலில் ஏறுகிற ஆளைப் பார்க்கவேண்டும், அப்புறம் போகிற ரோட்டைப் பார்க்கவேண்டும். சாமானைக் கடைசியில் பார்த்தால் போதும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. உயிருக்குப் பயந்துகொண்டு கற்றேன்.

என் அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எஸ்டேட் பேக்டரியில் இலை உருட்டுகிற மெஷினில் வேலை. உடம்பு என்றால் அவருக்குப் பைத்தியம். பழைய மெஷினின் இரும்புத் தண்டு ஒன்றைத் துரையிடம் கேட்டு வாங்கி, இரண்டு முனையிலும் பல்சக்கரத்தை மாட்டி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். விடிந்ததும் அதைத் தூக்குவார், பிறகு கர்லாக்கட்டை சுற்றுவார். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிவிட்டார். பாதி மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி நடச் சொன்னார்கள். அதுவரைக்கும் தாங்கினோம். அப்புறம் சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவன் ஒருவனும் திரும்பவில்லை. அண்ணியின் கூடப்பிறந்தவரைப் பக்கத்து எஸ்டேட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன ஆனார் என்றே தெரியவில்லை. எங்கள் லயத்திலும் பேர் எடுக்க வந்தார்கள். ஒல்லியானவன் இருமிக் காட்டினான். ஒருத்தன் காலில் சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டான். அண்ணன் எதைக் காட்டுவார்? அந்த உடம்பை ஊரே பார்த்திருக்கிறது. எங்கள் டிவிஷனில் முதல் பேர் அவருடையதுதான்.

எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணி நல்ல மனுஷர். மத்தியானம் லயத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வியாழக்கிழமை காலையில தானா ராத்தா ரெஸ்ட் ஹவுசுக்கு லோரி வருது. ஆனா ஒரு வழி இருக்கு. அங்க இருக்கிற ஜப்பான் ஆபீசருக்கு மேட்டுத் தோட்டத்திலேருந்து தினமும் காய் வேணும். லோரிக்கு எண்ணெய் இல்ல. சொந்த சைக்கிள் இருக்கிறவன் கொண்டாந்து போட்டா கைப்பட்டை கட்டிவிடுறாராம். பட்டை கட்டினவனை ஆள் பிடிக்கிறவன் தொட முடியாது."

"எங்ககிட்ட ஏதுங்கய்யா சைக்கிளு?" என்றாள் அண்ணி. இடுப்பில் பிள்ளை இருந்தது.

"அதை நீங்க பாத்துக்குங்க. வியாழக்கிழமை லோரி கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நடை காய் வந்து சேரணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தானா ராத்தாவில் முஸ்லிம் காக்கா ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். அவரிடம் மூட்டைகளுக்குப் பின்னால் சைக்கிள் இருப்பது எனக்குத் தெரியும். அவருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். மண்வெட்டி செய்து கொடுக்கும்படி ஜப்பான்காரன் அவருக்கு உத்தரவு போட்டிருந்தான். சீனக் கொல்லனிடம் நெருப்பு இருந்தது, இரும்பு இல்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் இரும்பு சும்மா கிடந்தது.

"என் தண்டையா?" என்றார் அண்ணன்.

"தண்டு இங்க இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க," என்றேன்.

மறுநாள் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் கடைக்குப் போனோம். "வாங்க பயில்வான்," என்று காக்கா உள்ளே கூட்டிப்போனார். மூன்று சைக்கிள் இருந்தது. ஒன்று பளபளவென்று சீமைச் சைக்கிள், காற்றடிக்கிற டயர், டைனமோ விளக்கு. இன்னொன்று சீனத் தோட்டக்காரர்கள் பன்றித் தீவனம் ஏற்றுகிற பெரிய வண்டி. டயருக்குள் கயிறு திணித்திருந்தது, பிரேக் இல்லை. மூன்றாவது, ஓடிப்போன துரைசானி விட்டுவிட்டுப் போனது. நடுவில் பார் கிடையாது. செயினுக்கு மேல் முழுசாகத் தகர மூடி.

அண்ணன் சீமைச் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துவிட்டார். "இதுதான்."

"இதை எடுத்தீங்கன்னா பிரிஞ்சாங் தாண்ட முடியாதுண்ணே," என்றேன். "வழியில நிக்கிற முதல் சிப்பாயி இறங்கச் சொல்லிட்டு அவன் ஏறிப் போயிடுவான்."

"அப்ப அந்தப் பெரிசு?"

"மூட்டையவிட அது கனம். இறக்கத்துல எதை வச்சு நிறுத்துவீங்க, மீசைய வச்சா?"

மூன்றாவதைக் காட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"பொம்பள சைக்கிளு. டேய், நான் இதுல போறதை லயத்துல பாத்தா என்னடா சொல்லுவான்?"

அண்ணி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சயாமுக்கு மீசையோட போன ஆளுன்னு பெருமையாத்தான் சொல்லுவாங்க. போயிட்டு வாங்க."

காக்கா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

நான் விளக்கிச் சொன்னேன். தோட்டம் மேலே, இப்போது கியா பார்ம் என்று கடை போட்டிருக்கிறார்களே, அந்த மேடு. ரெஸ்ட் ஹவுஸ் கீழே, நடுவில் பிரிஞ்சாங். சுமையோடு வருவதெல்லாம் இறக்கம். போகும்போது காலி வண்டி, அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அந்த மேட்டை எவனும் மிதித்து ஏறியதில்லை. பார் இருக்கிற சைக்கிளில் மூட்டை பின்னால் உயரமாக ஏறும், வளைவில் கவிழும். இதில் பார் இல்லாத இடத்திலேயே மூட்டையைத் தாழ்வாக உட்கார வைக்கலாம். துரைசானி அதிகம் ஓட்டவில்லை, பிரேக் இரண்டும் புதுசு மாதிரி. அண்ணன் சீமைச் சைக்கிளின் ஹேண்டிலை விட்டார். பிறகு இரும்புத் தண்டைக் கொல்லன் வீட்டில் எங்கே இறக்கவேண்டும் என்று காக்காவிடம் கேட்டார்.

ஆனாலும் ஓடுகிற சைக்கிள் என்றால் சிப்பாய் விடமாட்டான், பொம்பளை சைக்கிளாக இருந்தாலும் சரி. புதன்கிழமை அண்ணன் பேக்டரியில் இருந்தபோது தகர மூடியைத் திறந்து செயினைக் கழற்றினேன். மூடியைத் திரும்பப் பூட்டி, பெயின்ட் தெரியாதபடி சேற்றைப் பூசினேன். செயினை அண்ணியிடம் கொடுத்து மாவு டின்னுக்குள் போடச் சொன்னேன்.

"உனக்குக் கிறுக்கா?" என்றாள். "செயின் இல்லாம எப்படி ஓடும்?"

"இறக்கத்துல செயின் எதுக்கண்ணி? அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. மாட்டு மாட்டுன்னு நிப்பாரு."

வியாழக்கிழமை பனி கலையும் முன்பே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். தள்ளும்போது பெடல் சுற்றாது, அதனால் அவருக்குத் தெரியவில்லை. சீனர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் இரண்டு மூட்டை கட்டினோம். ஒன்று நடுவில், ஒன்று பின்னால். அண்ணன் ஹேண்டிலைப் பிடித்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டே நடந்தார். நான் பின்னால் மூட்டையைப் பிடித்தேன். கீழே லோரி வந்துவிட்டதா இல்லையா, பனியில் ஒன்றும் தெரியவில்லை.

பிரிஞ்சாங் பக்கம் ரோடு கொஞ்சம் சமமாக வந்தது. நேரத்தைப் பிடிக்க அண்ணன் பெடலில் ஒரு காலை வைத்து உந்தினார். கால் வெறுமனே சுற்றிக்கொண்டு போனது.

"டேய், செயின் எங்கடா?"

நான் பதில் சொல்வதற்குள் முன்னால் தடுப்பு தெரிந்தது. சிப்பாய்கள் நின்றார்கள். இரண்டு பேரும் நின்று குனிந்து வணங்கினோம். ஒருத்தன் வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டான். முட்டைக்கோஸ் ரோடெல்லாம் உருண்டது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். மிதித்தான். சைக்கிள் அசையவில்லை. இன்னும் வேகமாக மிதித்தான். கால் காற்றில் சுற்றியது. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கி வந்து அண்ணன் கன்னத்தில் ஒரு அறை விட்டான். அப்படியொரு அறையை நான் கேட்டதில்லை. அண்ணன் நினைத்திருந்தால் அந்தக் கையை ஒரு பிடியில் முறித்திருப்பார். அவர் மறுபடியும் குனிந்து வணங்கினார். சிப்பாய் சைக்கிளை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனான்.

வண்டி எங்களிடமே இருந்தது.

முட்டைக்கோஸைப் பொறுக்கினோம். அண்ணன் மூட்டையைக் கட்டினார். செயின் மூடியை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ரெஸ்ட் ஹவுஸ் முன்னால் லோரி நின்றது. பல எஸ்டேட் ஆட்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி பிள்ளையோடு வேலியோரம் நின்றாள். ஆள் பிடிக்கிறவன் பேர் வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் கையைக் காட்டி வரிசையில் போய் உட்காரச் சொன்னான். கிராணி குறுக்கே ஓடிப்போய் ஆபீசரைக் கூட்டி வந்தார்.

ஆபீசர் ஒரு முட்டைக்கோஸை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அண்ணனின் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து பெடலை விரலால் தட்டினார். அது சும்மா சுற்றியது. மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒன்றுமில்லை. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கிராணி மொழிபெயர்த்தார்: "செயினை யாரு கழட்டினதுன்னு கேக்குறாரு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாங்கய்யா. வர்ற வழி பூரா இறக்கம், செயின் வேண்டியதில்ல. இருந்தா வழியில பிடுங்கிடுவாங்க, காய் இங்க வந்து சேராது." என் பக்கம் தலையை ஆட்டினார். "இவன் என் தம்பி. நெஞ்சு நோவுக்காரன், ஒண்ணுக்கும் ஒதவமாட்டான். மூட்டை பிடிக்கக் கூட்டியாந்தேன்."

கிராணி சொல்லி முடித்தார். ஆபீசர் மேலே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாள் அவர் இடுப்பில் இருந்தது. கடைசியில் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டுப் பட்டை கொண்டுவரச் சொல்லி, அண்ணன் கையில் கட்டச் சொன்னார். கை பருமனாக இருந்ததால் முனை எட்டவில்லை. கயிறு சேர்த்துக் கட்டினார்கள்.

ஆள் பிடிக்கிறவன் என்னைப் பார்த்தான். நான் இருமினேன். உண்மையாகவே இருமல் வந்தது. விட்டுவிட்டான். லோரி புறப்பட்டபோது வரிசையில் இருந்த ஒருத்தர் எங்களையே பார்த்துக்கொண்டு போனார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஜப்பான்காரன் போகிறவரை அந்தச் சைக்கிள்தான் எங்களுக்குச் சோறு. போன பிறகு செயினை மாட்டினோம். பார் இல்லாததால் அண்ணி சேலையோடு ஓட்டினாள், பிள்ளைகள் அதில்தான் பழகின. குடும்பம் முழுக்க ஏறிய சைக்கிள் அது ஒன்றுதான்.

அன்று அண்ணன் சொன்ன பொய் என்னைக் காப்பாற்ற. அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு கலியாண வீடுகளில், கோயில் திருவிழாவில், "செயினைக் கழட்டிட்டுப் போனேன்லா" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே அது நிஜமாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். அவர் உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. எனக்காக வாள் முன்னால் நெஞ்சைக் காட்டியவரிடம் எப்படிக் கேட்பது?

இப்போது அண்ணன் பிள்ளைகள் அந்தச் சைக்கிளைக் கியா பார்ம் கடை வாசலில் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். கீழே பலகை: எங்கள் அப்பா இந்தச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்து, செயினைக் கழற்றி, ஜப்பான்காரனை ஏமாற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அதை உரக்கப் படித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுடையதை நான் கேட்கவில்லை. அறை வாங்கியது அவர். வாள் முன்னால் "நான்தான்" என்று சொன்னது அவர். அதை நீங்கள் எழுதவே இல்லை. முதலில் அதை எழுதுங்கள். ஆனால் காக்கா கடையில் அந்தச் சைக்கிளைக் காட்டியது நான். செயினைக் கழற்றியது நான். எனக்குத் தனிப் பலகை வேண்டாம், மாலை வேண்டாம். இருக்கிற பலகையை இறக்கி, அதே அளவு எழுத்தில், "சைக்கிளைத் தேர்ந்தெடுத்தவர், செயினைக் கழற்றியவர்: தம்பி" என்று சேர்த்து எழுதி மாட்டுங்கள். நான் உயிரோடு வந்து படிக்கிற மாதிரி, சீக்கிரம்.