ஜாக்கி வைக்கும் முன் ஒரு மேப்

போன வாரம் பெய்த மழையில், நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை ஜெயாவின் வீட்டுக்குள் மறுபடியும் தண்ணீர். ஹாலில் செருப்பு மிதக்கிறது! மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார் — வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம். சேமிப்பு மொத்தமும் காலி. ஆனால் வேறு வழி?

எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. தண்ணீர் ஏறினால் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மனையை உயர்த்துவோம். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் நம்மைவிட ஓரடி கூடுதலாக உயர்த்துவார்... எதிர்வீட்டு செல்வராஜ் அண்ணன் மண் அடித்ததால்தான் தன் வீடு மூழ்குகிறது என்று ஜெயாவுக்கு ஒரே கோபம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

மழை விட்ட மறுநாள் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். திருவிதாங்கூர் காலத்து நாகர்கோவில் மேப்! சும்மா பெரிதாக்கிப் பார்த்தவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கே பார்த்தாலும் குளம், குளத்துக்குக் குளம் ஓடை, மீதியெல்லாம் வயல். நான் பெட்ரோல் போடுகிற பங்க் இருக்குமிடம் ஒரு குளம்! போன மாதம் பிரியாணி சாப்பிட்ட கல்யாண மண்டபம் வயல்! பழைய தேவாலயத்தை அடையாளம் வைத்து ஜெயாவின் தெருவைத் தேடினேன். தெருவே இல்லை... அங்கே ஓடை போகிறது!

உடனே பைக்கை எடுத்தேன்.

“ஏட்டி, இங்க பாரு. உன் வீட்டு முன்னால ஒரு ஓடை போவுது!”

“அண்ணே, முந்தாநாள் வீட்டுக்குள்ளயே வெள்ளம் கேறிட்டு. அதுக்கு மேப்பு வேற வேணுமா?”

“இதுல ஒரு கலுங்கும் போட்டிருக்கு, கேட்டியா. தண்ணி கடக்குத சின்னப் பாலம். அது எங்க போச்சு?”

சத்தம் கேட்டு செல்வராஜ் அண்ணனும் வந்துவிட்டார். போனைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருவரும் ஓரமாகவே நடந்தோம். புதையல் தேடுகிறவர்கள் மாதிரி! மேப்பில் இருந்த ஓடைக் கோடு நேராக ஜெயாவின் கேட் முன்னால் வந்து நின்றது. குனிந்து பார்த்தோம். கலுங்கின் ஒரு கல் வெளியே தெரிந்தது. மீதி அப்படியே கான்கிரீட்டுக்கு அடியில். புதுக் கார் வாங்கியபோது ஜெயா ஆசையாகப் போட்ட ராம்ப்!

“கர்த்தாவே... நானா அடைச்சேன்?”

ஊர் வளரட்டும், நல்லதுதான். ஆனால் வீடு மாறச் சொல்லி தண்ணீருக்கு யாராவது தகவல் கொடுத்தோமா?

அங்கேயே நின்று ஜெயா மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். “வீட்டைத் தூக்காண்டாம். ராம்ப்பைத் தூக்கினா போதும்.”

அவள் போனை வைப்பதற்குள் செல்வராஜ் அண்ணன் கடப்பாரையோடு வந்துவிட்டார். மனிதர் இத்தனை சந்தோஷமாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை!