துரை பங்களாவின் வெந்நீர்த் தாங்கி

மன்னார்ப் பக்கத்துத் தாராபுரத்தில் மூன்று கிணறுகளுக்குக் கைப்பம்பு வைத்தவன் நான். சிலாவத்துறையில் உப்புத்தான் வரும் என்று எல்லாரும் சிரித்த இடத்தில் குழாய் இறக்கி நல்ல தண்ணீர் எடுத்தேன். சிரித்தவர்களே பிறகு அந்தப் பம்படியில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். முருங்கனில் நெல் ஏற்றிய வண்டிகளில் பாதி என் கையால் போட்ட அச்சில் ஓடின. என் பட்டறைச் சுவர் இரண்டு முறை காற்றில் விழுந்தது. இரண்டு முறையும் கூலிக்கு ஆள் பிடிக்காமல் நானே எழுப்பினேன். படிப்பு என்று கேட்டால் மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத் தொழில் கலப்பத்து. வள்ளத்துப் பலகை இடுக்கில் பஞ்சையும் குங்கிலியத்தையும் அடித்து, கடல் உள்ளே வராமல் அடைக்கிற வேலை.

பீற்றுகிறேன் என்று நினைப்பீர்கள். பீற்றத்தான் செய்கிறேன், செய்தவன் பீற்றாமல் வேறு யார் பீற்றுவது? ஆனால் இங்கே எழுத வந்தது ஓர் ஒழுக்கைப் பற்றி.

அது வெள்ளைக்காரர் காலம். மன்னாரில் ஒரு துரையின் பங்களாவில், குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு செப்புத் தாங்கி இருந்தது. வெளியே மேடையில் நின்ற தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி அதை நிரப்பும். குசினி அடுப்பின் சூட்டில் அது காய்ந்து, துரை குளிக்கிற குழாயில் வெந்நீராக வரும். தாங்கியின் தலையில் ஒரு பித்தளை வால்வு. உள்ளே அமுக்கம் மிஞ்சினால் தானாகத் திறந்து தாங்கி வெடிக்காமல் காப்பது அதன் வேலை. அந்த வால்வு ஒழுகத் தொடங்கியது. பங்களாவின் திருத்த வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் கொழும்பிலிருந்து புது வால்வு எடுப்பித்துப் பூட்டினார். அதுவும் ஒழுகியது. உடனே அவர் துரையிடம், சமையல்காரக் கோக்கி அளவு தெரியாமல் விறகு வைக்கிறான், அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுக்கு நிற்காவிட்டால் வேறு கோக்கி பார்ப்பேன் என்றார் துரை.

கோக்கி தாராபுரத்து ஆள். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு என் பட்டறைக்கு வந்தார்.

"விறகைக் குறைச்சால் தண்ணி ஆறிப்போச்செண்டு துரை ஏசுறார். கூட்டினால் ஓவசியர் ஏசுறார். நான் என்ன செய்யிறது தம்பி?"

"ஒழுக்குத்தானே நானா? அது எங்கடை வீட்டுச் சாமான். வாங்கோ போவம்."

போனேன். அடுப்பு அணைந்திருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. வால்வின் வாயில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் பூசி, உளியால் இறுக்கினேன். கோக்கி அடுப்பை மூட்டினார். ஒரு சொட்டு இல்லை. அவர் சந்தோஷத்தில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அரைவாசி குடித்திருப்பேன், சுவரில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

"தம்பி, உள்ளுக்கை ஆரோ தட்டுறான்."

"ஆரும் இல்லை நானா."

"அப்ப ஏன் நீங்கள் கதவடிக்குப் போறியள்?"

தாங்கியின் வயிறு புடைத்து நின்றதை நான் கண்டுவிட்டேன். ஆனால் ஓடவில்லை, அதற்கு அவரே பின்னால் சாட்சி சொன்னார். இரண்டு பேருமாக எரிந்த விறகை இழுத்து வெளி மணலில் எறிந்தோம். நான் குளியலறைக்குள் பாய்ந்து வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். அது சீறிய சீற்றத்தில் துரையின் துவாய்கள் எல்லாம் நனைந்தன. சத்தம் அடங்கியது.

கோக்கி நிலத்தில் குந்திவிட்டார். மூச்சு வந்ததும் சொன்னார்: "பால் பொங்குதெண்டு சட்டியை மூடி, மூடிக்கு மேலை ஏறிக் குந்துற ஆளை இண்டைக்குத்தான் கண்டனான்."

அந்தச் சொல் என்னை இரவெல்லாம் குடைந்தது. வள்ளத்தில் ஒழுக்கு என்றால் கடல் உள்ளே வருவது. அதை அடைக்கத்தான் என் கை பழகியிருந்தது. இங்கேயோ தண்ணீர் வெளியே போக வழி கேட்டிருக்கிறது. பொங்குகிற பாலுக்குச் சட்டியில் இடம் வேண்டும். சூடேறிப் பெருக்கிற தண்ணீருக்கும் எங்காவது இடம் வேண்டுமே, இத்தனை காலம் அது எங்கே போனது?

சனிக்கிழமை காலை என் அடைப்பைக் கிண்டி எடுத்து, வால்வைத் துடைத்து வைத்தேன். அடுப்பு மூட்டுமுன் அது காய்ந்து கிடந்தது. தண்ணீர் கைபொறுக்கிற சூடு வந்ததுமே சொட்டியது. வெந்நீர்க் குழாயைக் கொஞ்சம் திறந்தால் சொட்டு நின்றது. வால்விலும் பிழை இல்லை, விறகிலும் பிழை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. குளிர்தண்ணீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே தொட்டிவரை போனேன். நடுவில் ஒரு புதுப் பித்தளைத் துண்டு இருந்தது.

"இது ஆர் போட்டது நானா?"

"ஓவசியர்தான். தொட்டித் தண்ணி சுடுகுதெண்டு துரைசானி சொன்னவ. அதுக்குப் பிறகு போட்டவர்."

கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறு தகட்டுக் கதவு. தண்ணீரைக் கீழே விடும், மேலே திரும்ப விடாது. முன்பெல்லாம் பெருத்த தண்ணீர் தொட்டிக்கு ஏறிப்போயிருக்கிறது. இந்தக் கதவு வந்தபின் போக இடமில்லாமல் வால்வை முட்டியிருக்கிறது. கதவை எடுத்தெறிந்தேன். தொட்டி சுடாமல் இருக்க, அந்த இடத்தில் குழாயைக் கீழே தாழ்த்தி வளைத்து மேலே ஏற்றினேன். சூடான தண்ணீர் மேலேதான் ஏறும், தாழ்வில் இறங்கித் தொட்டிக்குப் போகாது. அந்த வளைவை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று முழுக்க அடுப்பு எரிந்தது. வால்வு ஒழுகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து துரை வந்து வால்வைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். கோக்கியின் வேலை தப்பியது.

ஆனால் ஓவசியர் தன் மேலிடத்துக் கந்தோருக்கு இங்கிலீசில் எழுதிய கடதாசியை அங்கிருந்த கிளாக்கர் எனக்கு வாசித்துக் காட்டினார். கோக்கி விறகு அதிகம் வைத்ததே காரணம், கண்டித்த பின் சரியாகிவிட்டது என்று இருந்தது. தகட்டுக் கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை, என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. விறகின் அளவு தெரியாத கோக்கி என்ற பேரோடுதான் அந்த மனிதர் மௌத்தாகி அடக்கமானார். ஓவசியர் வீட்டார் இன்றைக்கும் தங்கள் ஆள் திருத்திய தாங்கி என்றுதான் கதைக்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்கள் அப்படி இனிச் சொல்ல விடக்கூடாது. கோக்கியில் பிழை இல்லை என்று முதலில் சொல்லுங்கள். பஞ்சை அடைத்து அவரையும் என்னையும் சாகடிக்கப் பார்த்தவன் நான், அதையும் மறைக்க வேண்டாம். கதவைக் கண்டுபிடித்துக் கழற்றியவனும் நான்தான். அதை என் பேரில் எழுதுங்கள்.