அவன் பெயரில் என் நெஞ்சுப்படம்

இந்த வருஷம் திவசத்துக்கு அக்கா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நல்ல பனி கொட்டியது. இங்கே கனடாவில், நான் இருக்கும் மில்லிக்கனிலிருந்து அக்காவின் வோபர்னுக்கு இருபது நிமிட ஓட்டம். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. காரைத் திருப்பிவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். வருஷா வருஷம் அப்படித்தான் யோசிக்கிறேன். பிறகு போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. ஜேர்மனியில் என்னோடு ஒரே அறையில் இருந்து அங்கேயே செத்துப்போன என் கூட்டாளியின் அக்கா. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் நான் என்பதால், திவசத்தில் படைத்து முடிந்ததும் முதல் இலை எனக்குத்தான் போடுவார். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை என் இலையில் ஊற்றிவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நித்திரையில் நெஞ்சடைப்பு வந்து நோகாமல் போய்விட்டான் என்று அந்தக் காலத்தில் போனில் அவருக்குச் சொன்னவன் நான். அது பச்சைப்பொய்.

சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு அக்காவின் மகள் மேசையில் லப்டொப்பை விரித்தாள். மிசிசாகாவில் ஏதோ ஒஃபிசில் வேலை, முப்பது வயதாகிறது, மாமனைக் கண்டதே இல்லை.

“அங்கிள், நீங்களும் மாமாவும் இருந்த காஸில், அந்தக் கோட்டை, இதுதானே? மியூசியம் ஆக்கிட்டாங்கள்.”

அதேதான். அதே குன்று, அதே கோபுரம், அதே கருங்கல் வாசல். எங்கள் கட்டிலுக்கு மேலே ஒழுகிய கூரைக்குப் புது ஓடு போட்டு, முற்றத்தில் பூக்கன்று வைத்திருந்தார்கள். உள்ளே போக வாசலில் ரிக்கெற் விற்கிறார்களாம்.

கோட்டையின் சரித்திரத்தை அவள் தமிழாக்கி வாசித்தாள். எண்ணூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பிரபு கட்டினாராம். பிறகு ஒரு பிஷப் வாழ்ந்தாராம். பிறகு அது சிறைச்சாலை, அதற்குப் பிறகு உருளைக்கிழங்குக் கிடங்கு. கிழங்கு கிடந்ததைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரி, ‘பல வருடங்கள் பாவனையின்றிக் கிடந்து, பின் அருங்காட்சியகமாக்கப்பட்டது.’

பாவனையின்றியாம், ஒருவரும் இருக்கவில்லையாம்! எண்பதுகளின் கடைசியில் அகதி வழக்குப் போட்ட அறுபது பேரை அதற்குள்ளேதான் அடைத்து வைத்திருந்தார்கள். பிரபுக்கள் விருந்துண்ட மண்டபத்தில் எட்டுக் கட்டில். அதில் ஒன்று எனக்கு, பக்கத்தில் அவனுக்கு. சமைக்கக் கூடாது என்று சட்டம். நாங்கள் கட்டிலுக்குக் கீழே ஹீற்றர் வைத்துச் சோறு காய்ச்சினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அந்த மியூசியம் நன்றாகவே செய்திருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது வேறு கதை.

அவனுக்கு ஐப்பசியில் இருமல் தொடங்கியது. மார்கழியில், இருமித் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா கனடாவிலிருந்து போட்ட ஸ்பொன்சர் சரிவந்து, கனடாத் தூதரகத்தில் மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மண்டபத்தில் எல்லாருக்கும் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்: நெஞ்சுப்படத்தில், அதுதான் எக்ஸ்ரேயில், புள்ளி தெரிந்தால் கனடா அதோடு சரி. யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் சொன்னார்கள். ஒரு டொக்டரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று எட்டுப் பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரனிடம் வாயைத் திறந்தால் கேஸ் பழுதாகிவிடும் என்ற பயம்.

“நீ பேசாமல் படு, உன்ர பேரில நான் போறன்” என்றேன். அவன் மாட்டேன் என்றான். இரண்டு நாள் இருந்து அவன் மனதைக் கரைத்தேன். எனக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி மீசை, ஒரே கறுப்பு. டொக்டர், கடிதத்திலிருந்த அவன் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். அவர் கண்ணுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே அச்சு. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். படம் சுத்தம் என்று கோட்டை ஒஃபிசுக்குக் கடிதம் வந்த அன்று கோழி வாங்கிக் காய்ச்சினோம். அவன் சிரிக்கத் தொடங்கி, இருமி, சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு டொக்டரிடம் போக வழியே இல்லை. சுத்தமான நெஞ்சுக்காரன் எப்படி இருமலாம்? எங்களைக் கண்காணித்த வோர்டன் வந்தால் போர்வையைக் கடித்துக்கொண்டு இருமலை விழுங்குவான். தை முடியவில்லை, ஒரு ஞாயிறு மத்தியானம் இரத்தமாகக் கக்கினான். அவன் தலை என் மடியில் இருந்தது. அம்புலன்ஸ் அந்தக் குன்றில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவுச் சான்றிதழ் ஜேர்மன் மொழியில் வந்தது. அதைத் தமிழில் எழுதி அக்காவுக்கு அனுப்பியவனும் நான். காசநோய் என்றிருந்த இடத்தில் மாரடைப்பு என்று எழுதினேன்.

நான் கனடா வந்து சில வருஷங்களுக்குப் பிறகு ஒன்று நடந்தது. என்னோடு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தவன் ஒருவன், தன் மனைவியின் நெஞ்சுப்படத்தில் புள்ளி தெரிந்ததாகச் சொன்னான். அவளுக்குக் குளிசை கொடுத்தார்களாம். ஆறு மாதம் விழுங்கினாளாம். பிறகு விசா வந்ததாம். அவ்வளவுதான். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்காவது அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, சொல்லவில்லை.

“அம்மா, நான் மாமாவின்ர பேரைக் குடுத்து மியூசியத்துக்கு எழுதினனான்” என்றாள் மகள். “மேல் அறையில பழைய ஃபைல் எல்லாம் கிடந்ததாம். மாமாவின்ர ஃபைலை ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கினம்.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதல் பக்கத்தில் தம்பியின் படம். அதை விரலால் தடவினார். நான் என் குளிர்ச்சட்டையைத் தேடுவதுபோல எழுந்தேன். மகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

“இது மெடிக்கல் ரிப்போர்ட். லங்ஸ் கிளியர். உயரம் நூற்று அறுபத்து நாலு.”

“அதென்ன கணக்கு?”

“அஞ்சடி நாலு, அம்மா.”

“விசர்க்கதை. அவன் ஆறடியெல்லே.”

மகள் திரும்பவும் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தார்.

“அக்கா, அது நான்” என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கைலேஞ்சி, நெஞ்சுப்படம், கோழி, போர்வை, சான்றிதழில் நான் மாற்றி எழுதிய சொல், ஆறு மாதக் குளிசை. அக்கா எழும்பி வந்து கன்னத்தில் இரண்டு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மகள்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சொல்லி முடித்த பிறகு அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இருமல் ஐப்பசியிலயோ தொடங்கினது?”

“ஓம் அக்கா.”

“அவன் எனக்குக் கடிதம் எழுதினவன். இருமல் நிக்குதில்லை, டொக்டரிட்டைப் போகட்டோ எண்டு கேட்டு எழுதினவன்.” மகளைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் சொன்னார். “மெடிக்கல் முடியுமட்டும் ஒருத்தரிட்டையும் போகாதை, வாயைத் திறவாதை எண்டு நான்தான் மறுமொழி போட்டனான்.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

“நெஞ்சடைப்பு எண்டு நீர் சொன்னாப்பிறகுதான் நான் நித்திரை கொண்டனான், தம்பி. இவ்வளவு காலமும் அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இதை ஏன் இப்ப எனக்குச் சொன்னனீர்?”