குதிக்கால் புதையாத பனி

எண்பதுகளில், ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில் பஸ் தரிப்பில் தினமும் சந்தித்த யாழ்ப்பாணத்து மனிதர் அவர். நரைத்த தாடி, தேய்ந்த மலையேறும் சப்பாத்து. புல் உறைந்து கிடக்கும் காலைகளில் அதில் குதிக்காலை ஊன்றி ஊன்றிப் பார்ப்பார்.

“அண்ணை, தலையை மூடுங்கோ. பனிக்கை நிண்டால் தடிமன் வரும்,” என்றேன்.

சிரித்தார். “தங்கச்சி, ஸ்கொட்லாந்திலை படிக்கேக்கை பனிமலை ஏறினனான். மூண்டு தரமும் உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்பிட்டன். குதிக்கால் புதைஞ்சால் மேலை போகக்கூடாது, பனி சரியும்.”

“இப்ப ஏன் பாக்கிறியள்?”

“கால் மறக்கக்கூடாதெண்டுதான். தைக்கு அந்த மலைக்குத் திரும்பப் போறன், அங்கை அப்பதான் பனிக்காலம். பனி இறுகியிருந்தால் ஏறுவன். இல்லாட்டி அடுத்த தைக்கும் போவன்.”

தை மாதம் அவரைக் காணவில்லை. ஒக்லண்டில் அப்போது கோடை, நல்ல வெயில். தரிப்பில் தனியே நின்ற நான், காய்ந்த புல்லில் குதிக்காலை ஊன்றிப் பார்த்தேன். இறுகித்தான் இருந்தது.