லாபம், ரெண்டு, மூணு...

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருப்பூரில், முதலிபாளையம் போகிற வழியில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். கோவையில் மூன்று வாரம் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டன.

மூளையில் பேச்சுக்கான பகுதியில்தான் பாதிப்பு, நாம் சொல்வது அவருக்குப் புரியும், நிறையப் பேச்சுக் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காது கேட்காதவரிடம் பேசுவதுபோலத் தொண்டை கிழியக் கத்தினேன். "சோறு! சோறு உங்கறீங்களா?" என்றால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவர் வாயைத் திறந்து திணறுவார், கண் கலங்கும், அவ்வளவுதான்.

மூன்று மாதம் இப்படியே போனது. பார்க்க வந்த கொழுந்தனார், அண்ணனின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "அண்ணனுக்கு இனி அறிவு திரும்பாதுங்க. ஆகற வேலையைப் பாருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அவரைத் தனியே விட்டுப் போக முடியாததால், பனியன்களை வீட்டுக்கே வாங்கி வந்து பிசிறு வெட்டி, டஜன் டஜனாகக் கட்டிக் கொடுப்பேன். ஒரு மத்தியானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தேன். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டார். தலையணையைச் சரி செய்தேன், முறைத்தார். எனக்கு வந்ததே கோபம்!

"என்னதானுங்க வேணும் உங்களுக்கு? ஒரு வேலை செய்ய விடமாட்டீங்களா?"

கத்திவிட்டு, அடுக்கியதைக் கலைத்து, மறுபடியும் "ஒண்ணு" என்றேன்.

"லாபம்!"

யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலைத்தான் பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னது அவர்தான்!

அவருடைய பிரிவில் முதல் உருப்படியை யாரும் ஒன்று என்று எண்ணமாட்டார்கள். ராசிக்காக லாபம் என்றுதான் தொடங்குவார்கள். நான் ஒன்று என்று ஆரம்பித்தது மனிதருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த பனியனை எடுத்து வைத்தேன். "ரெண்டு" என்றார். "மூணு" என்றார். பன்னிரண்டு வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அத்தனையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, "எங்க ஊட்டுக்காரர் பேசிட்டாருங்க!" என்று கூவினேன்.

டாக்டரம்மா முன்னாலும் எண்ணிக் காட்டினார். அதைக் கேட்ட டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வரிசை சிலருக்கு இப்படித் தானாக வரும், அதோடு சேர்த்து மற்ற சொற்களையும் பழக்குங்கள் என்று வழி சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் எண்ணாத பொருள் இல்லை. லாபம் தக்காளி, ரெண்டு தக்காளி, லாபம் டம்ளர், ரெண்டு டம்ளர். ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவோம். அவர் தலையணையை வீசுவார், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சற்று நேரத்தில் மறுபடியும் தக்காளி.

ஆறு மாதம் கழித்துக் கொழுந்தனார் வந்தார். நான் பழைய பழக்கத்தில் என் கணவரின் காதருகே போய், "உங்க தம்பி வந்திருக்காருங்க!" என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தாத... புள்ள. எனக்குக்... காது... நல்லாக் கேக்குது."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கும்... கேட்டுது."

கொழுந்தனார் அப்படியே உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் அதைவிடப் பெரிதாக, என் புருஷன் ஜெயித்துவிட்டார் என்ற பெருமை இருந்தது. இன்றும் பேச முடியாமல் படுத்திருக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், சுற்றி இருப்பவர்களை விட்டுவிட்டு அவரிடமே மெதுவான குரலில் பேசுகிறேன்; பதில் வராவிட்டாலும், ஒரு சொல் விடாமல் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.